எழுபத்தெட்டில் ஓடிய மாட்டுவண்டி

செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் நைனாவின் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூட்டை இறக்குகிறவரோ, விலை பேச வந்த விவசாயியோ, எதிர்க்கடை வியாபாரியோ, எல்லோரிடமும் அவருக்கு ஒரே சுருதிதான், அதுவும் உச்சத்தில். ‘சாப்டியா’ என்று அவர் விசாரித்தால்கூட, ஊருக்குப் புதியவன் ஏதோ தகராறு என்று ஒதுங்கிப் போவான். அன்பில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். அன்பையும் அதே குரலில் காட்டியதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த மனிதர் இதமாகப் பேசி, வளர்கிற வயதில் நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். பேசியது என்னிடமில்லை, மாட்டிடம்.

அப்போது நான் சின்னப் பையன். பள்ளிக்கூட லீவில், திண்டிவனத்துக்கு மல்லாட்டை ஏற்றிப்போகும் வண்டியில் என்னையும் கூட்டிப்போனார். விடியற்காலையில் புறப்பட்டோம். மூட்டைகளின்மேல் துப்பட்டி விரித்து என்னைப் படுக்க வைத்தார். நான் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தால் வாய்ப்பாடு கேட்பார் என்ற பயத்தில் இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். சாலை முழுக்கப் பள்ளம். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மாட்டின் முதுகைத் தடவி, “அசங்காம போடா ராசா, மூட்டமேல புள்ள தூங்குது” என்றார். என்னை ஒரு நாளும் ராசா என்று கூப்பிட்டவரில்லை. முதலில் எனக்கு மாட்டின்மேல் பொறாமை வந்தது. அப்புறம்தான், மாட்டுக்கு அந்த மரியாதை என்னால் கிடைக்கிறது என்று புரிந்தது. கண்ணைத் திறந்தால் அந்தக் குரல் போய்விடும் என்று திண்டிவனம் வரும்வரை திறக்கவே இல்லை. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பேச்செல்லாம் வழக்கமில்லை.

வளர்ந்து பட்டணத்துக்குப் படிக்கப் போனேன். படிப்பு பாதி வந்தது, பாட்டு முழுசாக வந்தது. அறுபதுகளின் பின்பாதி அது. நெற்றியை மறைக்க முடி வளர்த்துக்கொண்டு, மின்சாரக் கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுப் பாடும் பையன்கள் பட்டணத்தில் மூலைக்கு மூலை முளைத்திருந்தார்கள். நாங்களும் நாலு பேர் சேர்ந்தோம். நான் பாடுவேன். கிதார்க்காரன் கண்ணாடி போட்ட வேலூர்ப் பையன், வாயைத் திறக்க மாட்டான். டிரம்ஸ்காரன் மயிலாப்பூர்ப் பையன், வாயை மூட மாட்டான். நாலாவது ஆள் பேஸ் கிதார் வாசிப்பான், மற்ற நேரத்தில் சாப்பாடு எப்போது என்று கேட்பான்.

மற்றவர்களைப் போல இரவல் பாட்டுப் பாடாமல் தமிழில் சொந்தமாக எதையாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. அந்தக் கிறுக்கையும் நம்பி ஒரு சின்னக் கம்பெனி இசைத்தட்டுப் போட்டது. ஒரு பக்கம் குதியாட்டப் பாட்டு. மறுபக்கம் மாட்டுவண்டிப் பாட்டு. நைனா மாட்டிடம் சொன்ன வார்த்தைதான் அதன் முதல் அடி. கட்டைச் சுருதியில், வண்டி போகிற நிதானத்தில் பாடியிருந்தேன். அந்த ஒரு பாட்டில்தான் என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

அதை ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை என்றால் பொய். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான். நைனா கேட்க வேண்டும். அன்றைக்கு நான் விழித்திருந்தேன், எல்லாம் என் காதில் விழுந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நேரில் சொல்லத் துப்பில்லாமல் தட்டில் சொன்னேன்.

தட்டு வந்ததும் முதல் பிரதியைச் செஞ்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் திரும்பி வரும்வரை இருப்புக் கொள்ளவில்லை. பஸ் நிலையத்துக்கே போய் மடக்கினேன்.

“நைனா இன்னா சொன்னாரு?”

“வந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு.”

“போட்டுக் கேட்டாராமா?”

“கேட்டாராம்.”

“கேட்டுட்டு இன்னா சொன்னாரு?”

“அதான் தம்பி, வந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு. வழிய வுடு, டிக்கெட் போடணும்.”

அடுத்த தடவையும் அதே பதில். அதற்கடுத்த தடவை நான் கேட்கவில்லை. எனக்கு மூக்குமேல் கோபம். நைனாவிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து அதுதான். என் உயிரைப் பிழிந்து கொடுத்தனுப்பியிருக்கிறேன், மல்லாட்டைச் சாக்கு வந்து சேர்ந்த மாதிரி ‘வந்துச்சு’ என்கிறாரே என்று கொதித்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டிய பிறகும் ஆறவில்லை.

தட்டு விலைபோக வேண்டுமானால் நாலு ஊருக்குப் போய்ப் பாடிக்காட்டுங்கள் என்றது கம்பெனி. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். சீயமங்கலம், தொண்டூர், சிங்கவரம், கடைசியில் செஞ்சி. எனக்கு மனதில் இருந்தது செஞ்சிதான். என் வாயால், என் குரலில், அவர் எதிரில் நின்று அந்தப் பாட்டைப் பாட வேண்டும். அதற்கப்புறமும் ‘வந்துச்சு’ என்கிறாரா பார்க்கலாம் என்று வீம்பு. ஒரு பழைய வேனை வாடகைக்கு எடுத்து, மேலே டிரம்ஸைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

சீயமங்கலத்தில் வேன் நுழைந்ததும் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்தார்கள். “ராசா பாட்டு! ராசா பாட்டு!” என்று கத்தினார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டணத்திலேயே பத்துப் பேருக்குத் தெரியாத எங்கள் பாட்டு இந்த ஊருக்கு எப்படி வந்தது? டிரம்ஸ்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பேஸ்காரன்கூடச் சாப்பாட்டை மறந்து சட்டையைச் சரிசெய்தான்.

சாயங்காலம் கோயிலுக்கு எதிரே பந்தலில் பாடினோம். குதியாட்டப் பாட்டுக்குக் கூட்டம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து, “அசங்காம போடா ராசா” என்று நான் ஆரம்பித்ததும் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் முகம் தொங்கிப் போயிற்று. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்தி, “தம்பி, நீ அப்புறமா பாடுவ. மொதல்ல அந்தப் பொண்ண பாடச் சொல்லு” என்றார்.

“எந்தப் பொண்ணு?”

“அதாம்பா, தட்டுல பாடுற குட்டி.”

பெண் யாரும் இல்லை, பாடியது நான்தான் என்றேன். கூட்டம் சிரித்தது. நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பாட்டை முடித்து இறங்கியபோது ஒரு அம்மா கிதார்க்காரனை ஓரமாகக் கூப்பிட்டு, “அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா? ஜுரம் கிரமா?” என்று நிஜமான கவலையோடு கேட்டார். அவளுக்கென்று தொடுத்துவந்த கதம்பத்தை, வாடுவதற்குள் கொடுத்துவிடச் சொல்லி அவன் கையில் வைத்தார். வாயில்லாப் பூச்சி அவன், வாங்கிக்கொண்டு நின்றான். வேறு எந்த ஊர்க் குழுவையோ எங்களோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைத்தோம். வேனில் டிரம்ஸ்காரன் கதம்பத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தான்.

மறுநாள் பொழுது உச்சிக்கு வரும்போது தொண்டூரை நெருங்கினோம். ஒரு வீட்டில் காதுகுத்து. தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. காற்றில் வந்த பாட்டைக் கேட்டு, ‘யாரடா இது, எலிக்குஞ்சு கச்சேரி செய்கிறதா’ என்று பேஸ்காரன் சிரித்தான். கிதார்க்காரன் சிரிக்கவில்லை. வேனை நிறுத்தச் சொன்னான். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “அது நான் வாசிச்சது” என்றான்.

ஆமாம், எங்கள் தட்டு. குதிரைக்கு வெறி பிடித்த மாதிரி டிரம்ஸ் ஓடுகிறது. கிதார் கொசு மாதிரி ரீங்கரிக்கிறது. அதன் நடுவே பல் முளைக்காத ஒரு சின்னப் பெண் குரல் கீச்சுகீச்சென்று மூச்சுவிடாமல் எதையோ ஒப்பிக்கிறது. ‘ராசா’ என்ற ஒரு சொல் மட்டும்தான் பிடிபடுகிறது. அந்தக் குரல் நான்.

டிரம்ஸ்காரன் வேனிலிருந்து இறங்கிச் சாலையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய் இருந்த வீட்டைப் பார்த்து ஓடினேன். பந்தலில் ஓர் ஓரமாகத் தட்டுப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர் எங்கள் மண்டிக்கு எதிரே கடை வைத்திருக்கும் மைக்செட்காரர். செஞ்சி வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் அவருடைய செட்டுதான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“வா தம்பி! பாத்தியா, உன் பாட்டு இல்லாம இப்ப ஒரு விசேசம் இல்ல. நைனா எங்கிட்ட குடுத்தாரு. நான் ஊர் ஊரா கொண்டுபோயி பரப்பிட்டேன்.”

“அண்ணே, இது நாப்பத்தஞ்சுல ஓடவேண்டிய தட்டுண்ணே! எழுபத்தெட்டுல போட்டிருக்கீங்க!”

பெரிய தட்டுகள் நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றில் ஓடிய காலம் அது. எங்களுடையது புதிதாக வந்த சின்னத் தட்டு, நிதானமாக நாற்பத்தைந்தில் சுற்ற வேண்டியது. அவர் பெட்டியில் வேகத்தை மாற்றும் விசை இருந்தது. ஆனால் அது எழுபத்தெட்டிலேயே நிற்கும்படி சணலால் இழுத்துக் கட்டி, மேலே சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, தபால் பை மாதிரி முத்திரை வைத்திருந்தார்.

அதற்கும் ஒரு கதை இருந்தது. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் மேளக்காரர் வந்து சேரவில்லை. இவர் நாதஸ்வரத் தட்டைப் போட்டிருக்கிறார். கெட்டிமேளம் வருகிற நேரம் பார்த்து யாரோ ஒரு வால்பையன் விசையைத் தட்டிவிட, நாதஸ்வரம் பாதி வேகத்தில் இழுத்து இழுத்து அழுதிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார மாட்டோம் என்று எழுந்துவிட்டார்கள். அன்றைக்கு வைத்த அரக்கு.

“எல்லாத் தட்டும் இதுலதான் ஓடுது. இது சின்னத் தட்டு, அதான் சீக்கிரம் முடியுதுன்னு நெனச்சேன்” என்றார். “பட்டணத்து மேளம் இப்படித்தான் பறக்கும்போலன்னு ஊரே ரசிக்குது. அந்தப் பக்கத்துப் பாட்ட போட்டா ஒன்னுமே புரியல. இது ஆடறதுக்கு நல்லா இருக்குது.”

அரக்கை உடைக்கச் சொன்னேன். பெட்டியின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். “அத மட்டும் சொல்லாத தம்பி. என் பொழப்பே அந்த அரக்குலதான் ஒட்டிக்கினு இருக்குது.”

சத்தம் போட வாயெடுத்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. “நைனா கேட்டது இதத்தானா?” என்றேன்.

“வேறெத? தெனம் காலைல கடை தொறந்ததும் உன் பாட்டத்தான் மொதல்ல போடுவேன். மண்டி வாசல்ல வந்து நிப்பாரு. முடியறவரைக்கும் கேப்பாரு. அப்புறம் ஒன்னும் சொல்லாம உள்ள போயிடுவாரு.”

எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. பாட்டைக் கேட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை, பாட்டே அவர் காதுக்குப் போகவில்லை. இன்னொரு பக்கம் முன்னைவிடக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையின் குரல் அதில் இல்லையே என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? தினமும் நின்று கேட்கிறாராம், சந்தேகம் வரவில்லையாம். என் குரல் எப்படி இருக்கும் என்றாவது இந்த மனிதருக்குத் தெரியுமா என்று நினைத்தபோது அழுகை வரும்போல் இருந்தது. காதுகுத்து வீட்டில் என்னை இழுத்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். வடையெல்லாம் நன்றாக இருந்தது என்று பேஸ்காரன் பிற்பாடு சொன்னான்.

தொண்டூர் ஜனங்களை நான் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் கரண்ட் போதாமல் எங்கள் கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. கழனியில் மோட்டார் ஓடுகிறது, அதுதான் காரணம் என்று யாரோ சொன்னதும், சொல்லிவைத்த மாதிரி நாலு பக்கமும் ஆள் ஓடிப்போய் மோட்டார்களை நிறுத்தினார்கள். பாய்கிற தண்ணீரை நிறுத்திவிட்டு எங்கள் பாட்டைக் கேட்க வந்து உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்டவர்களை ஏமாற்றி அனுப்ப டிரம்ஸ்காரனுக்கு மனம் வரவில்லை.

“அவங்க கேக்கறதையே குடுத்தா என்ன குறைஞ்சுடும்?” என்றான். கதம்பத்தைத் தலையில் சுற்றிக்கொண்டான். டிரம்ஸை அந்த வெறிபிடித்த வேகத்தில் தட்டிக்கொண்டே பொய்க்குரலில், கீச்சுகீச்சென்று, “அசங்காமபோடாராசா” என்று ஒரே மூச்சில் கொட்டினான். தொண்டூர் எழுந்து ஆடியது. பெரியவர்கள் துண்டைச் சுழற்றினார்கள். திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள். நான் ஓரமாக நின்று கைதட்டினேன். என் காலும் தாளம் போட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்கவரத்திலும் அதே கூத்துதான். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சைக்கிளில் வந்து கேட்டார்கள். எங்கள் சுற்றுப்பயணம் அமோக வெற்றி. அசங்காமல் போகச் சொன்ன வண்டி மட்டும் ஊர் ஊராகக் குடைசாய்ந்துகொண்டிருந்தது.

செஞ்சியில் மட்டும் நான் பாடுகிறேன், நிதானமாகப் பாடுகிறேன் என்று சொன்னேன். “கூட்டம் கல்லெடுக்கும்” என்றான் டிரம்ஸ்காரன். கிதார்க்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “அவன் பாடட்டும்” என்றான். அவன் பேசுவதே அபூர்வம் என்பதால் மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கச்சேரியன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா ஓடியோடிப் பரிமாறினார். நைனா அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்து, வழக்கமான குரலில் உபசாரம் செய்தார். “சோறு போடு! அந்தக் கண்ணாடிப் பையன் இன்னா கொறிச்சிக்கினு இருக்கான்?” என்று அவர் போட்ட சத்தத்தில் கிதார்க்காரனுக்குப் புரையேறியது. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் சொல்லவில்லை. தட்டு தப்பான வேகத்தில் ஓடுகிறது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் அவராகக் கேட்கட்டும் என்று எனக்குப் பிடிவாதம். கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்த முயன்று, முடியாமல், “ஏண்டா, அந்தக் கம்பெனிக்காரங்க உன்ன மரியாதையா நடத்துறாங்களா?” என்றார்.

“நடத்துறாங்க.”

“ஒன்னும் ஏமாத்தலியே?”

“நான் இன்னா சின்னப் புள்ளையா?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். என் பிழைப்பைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன்.

மலையடிவாரத்து மைதானத்தில், வெயில் தாழ்ந்ததும் கச்சேரி. செஞ்சியே திரண்டிருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் மண்டி வியாபாரிகள். நடுவில் நைனா, வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக. மைக்செட்காரர் தன் குழாய்களை நாலு பக்கமும் கட்டியிருந்தார். “ராசா பாட்டு!” என்று ஆரம்பத்திலிருந்தே கூச்சல். எல்லோரையும் விட்டுவிட்டு நைனாவை மட்டும் பார்த்து, கட்டைச் சுருதியில் ஆரம்பித்தேன்.

முதல் அடி முடிவதற்குள் சீட்டி பறந்தது. “இன்னாப்பா, பேட்டரி தீந்துபோச்சா?” என்று ஒரு குரல். “பொண்ண பாடச் சொல்லு!” என்று இன்னொன்று. இரண்டாவது அடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது நைனா நாற்காலியிலிருந்து எழுந்தார். போகிறார் என்று நினைத்தேன். எனக்குள் என்னவோ அறுந்தது. மைக்கைவிட்டு நகர்ந்தேன். டிரம்ஸ்காரன் நிலைமையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த காய்ந்த கதம்பத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, சட்டென்று அந்த வெறிபிடித்த வேகத்துக்குத் தாவினான். மைதானம் குதித்தது.

நைனா போகவில்லை. கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு மேடையின் பக்கவாட்டுக்கு வந்தார். நான் கீழே இறங்கினேன். அவர் முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது. அந்தக் கோலத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை.

“இப்ப நீ ரெண்டு அடி பாடினியே, அதான்டா உன் கொரலு” என்றார். “எனக்குத் தெரியாதா? நீ பாலுக்கு அழுததிலிருந்து கேக்குறேன். இத எதுக்குடா அவனுங்க தட்டுல போடல?”

மேடையில் டிரம்ஸ் அதிர, அவர் இன்னும் கிட்ட வந்தார்.

“உன் பாட்ட வாங்கிக்கினு, கொரலு சரியில்லன்னு எவளோ ஒரு குட்டிய பாட வச்சிட்டானுங்கன்னு தட்டு வந்த அன்னைக்கே தெரிஞ்சிபோச்சு எனக்கு. தெனம் நின்னு கேட்டேன், எங்கனா ஒரு எடத்துலயாவது நீ வரியான்னு. வரல. உங்கிட்ட எப்படிடா கேக்கறது? கேட்டா உனக்கு வலிக்காதா? நீயே சொல்லுவன்னு பாத்தேன். நீயும் சொல்லல.”

அத்தனை சத்தத்துக்கு நடுவே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் அவர் காதில் கத்தினேன். தட்டில் இருப்பது நான்தான், வேறு யாரும் இல்லை, வேகம்தான் தப்பு, அந்த அரக்குதான் காரணம் என்றேன். அவர் முதலில் நம்பவில்லை. நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். பிறகு மேடையைத் திரும்பிப் பார்த்தார். தலையில் கதம்பத்தோடு கீச்சுக்குரலில் பாடிக்கொண்டிருந்த டிரம்ஸ்காரனை ரொம்ப நேரம் பார்த்தார்.

காலையில் அவரோடு எதிர்க்கடைக்குப் போனேன். மைக்செட்காரர் அப்போதுதான் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நைனா பெட்டியைச் சுட்டிக்காட்டி, “அத ஒட” என்றார். நான் சொல்லியும் உடைக்காதவர், அந்தக் குரலுக்கு மறுபேச்சுப் பேசவில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். அரக்கு சில்லுசில்லாகத் தெறித்தது. சணலை அறுத்து, விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளினார்.

எழுபத்தெட்டுத் தட்டுக்கான தடித்த ஊசியில் ஓடியோடித் தட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. கரகரப்புக்கு நடுவில்தான் பாட்டு வந்தது. ஆனால் நிதானமாக வந்தது. டிரம்ஸ் மாட்டுக் குளம்பு மாதிரி விழுந்தது. என் குரல் கடைத்தெருவின் இரண்டு முனைக்கும் போயிற்று. எண்ணெய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னாங்க காலங்காத்தால, எழவு வூட்டு பாட்டு?” என்றார். நைனா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்டி வாசலில் கிடந்த மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார். முதல் அடி வந்தபோது அவர் கை முழங்காலில் அப்படியே நின்றது. ‘மூட்டமேல புள்ள தூங்குது’ என்று வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு முடியும்வரை நிமிரவில்லை.

முடிந்ததும் மைக்செட்காரர் தயங்கித் தயங்கி, “இப்படியே வச்சிடட்டுங்களா?” என்று கேட்டார்.

“வேணாம். ஊருக்குப் புடிச்ச மாதிரியே ஓடட்டும்” என்றார் நைனா.

விசை எழுபத்தெட்டுக்குப் போனது. கடைத்தெருவில் உயிர் வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் தோளை ஆட்டிக்கொண்டு போனார்கள். எண்ணெய்க் கடைக்காரர் தாளம் போட்டார். அந்த ஆரவாரத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி, என் பக்கம் திரும்பாமல், அந்தக் குரலில், நான் ஒரே ஒரு தடவை கேட்ட அந்தக் குரலில், நைனா கேட்டார்.

“அப்ப அன்னைக்கு நீ தூங்கலியா?”

“இல்ல நைனா.”

“திண்டிவனம் வரைக்குமா?”

“வரைக்கும்.”

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “திருட்டுப் பயலே” என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், எடைக்கல்லைத் தப்பாக வைத்ததற்காக யாரையோ பிடித்துச் சத்தம் போட ஆரம்பித்தார்.